இல்லாமல் போவதற்கு ஓர் ஒத்திகை

எட்டு மாதப் பயணம் போய் வந்தோம் என்றால், எல்லாரும் முதலில் கேட்பது பையைப் பற்றித்தான். எத்தனை கிலோ, எந்த அளவு, உள்ளே என்னென்ன வைத்தீர்கள்? உண்மையைச் சொன்னால் ஏமாந்துபோகிறார்கள். பை கட்ட எங்களுக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஆனது. அதற்கு முந்தைய ஏழு மாதமும் வேறு வேலைக்குப் போயிற்று. நாங்கள் இல்லாவிட்டாலும் எங்கள் வீடும் வங்கிக் கணக்கும் என் அலுவலக மேசையும் தம் பாட்டுக்கு நடக்க வேண்டும் என்பதே அந்த வேலை.

ஆரம்பத்தில் நானும் பட்டியல் போடுகிற ஆள்தான். நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதி, செய்து முடித்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஆனால் பட்டியலில் எனக்குத் தோன்றியது மட்டும்தானே இருக்கும்? எனக்குத் தோன்றாமல் விட்டதைப் பிடிக்க வழி சொன்னவர் என் கணவர். கிளம்புவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஒரு வாரம் 'இல்லாமல்' இருந்து பார்க்கலாம் என்றார். "இல்லாமல் போவதற்கு ஒத்திகை பார்க்கிறோம்" என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லாதே" என்று வைத்துவிட்டார்.

ஒத்திகையின் விதிகள் எளியவை. சிம் கார்டு இரண்டையும் கழற்றி ஓர் உறையில் போட்டு ஒட்டினோம். வீட்டுச் சாவியைத் தங்கையிடம் கொடுத்தோம். இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். அலுவலகத்தில் யாரும் என்னை அழைக்கக் கூடாது. தங்கைக்கு வீட்டைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் நாங்கள் எழுதி வைத்த தாளைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்குப் பணம் தேவைப்பட்டால், வெளிநாட்டில் எந்த வழியில் எடுப்போமோ அந்த வழியில்தான் எடுக்க வேண்டும்.

முதல் நாள் மதியத்துக்குள் தோற்றோம். அறை வாடகை செலுத்த வங்கிச் செயலியைத் திறந்தால் ஓடிபி கேட்டது. ஓடிபி போன இடம், உறைக்குள் இருக்கும் சிம். கணவரின் வங்கி கொஞ்சம் நவீனம். குறுஞ்செய்திக்குப் பதிலாகக் கைபேசியிலேயே குறியீடு உருவாக்கும் செயலியைப் பயன்படுத்துகிறது. அந்தச் செயலி அவருடைய பழைய கைபேசியில் இருந்தது. பழைய கைபேசி வீட்டு அலமாரியில் இருந்தது.

சிரித்துக்கொண்டோம் என்றாலும் எனக்கு வயிறு கலங்கியது. இதே காரியம் நள்ளிரவில், மொழி தெரியாத ஊரின் பேருந்து நிலையத்தில் நடந்திருந்தால்? நம்முடைய மொத்த வாழ்க்கையும் ஒரு கைபேசி எண்ணில் கட்டித் தொங்குகிறது என்பது, அந்த எண் கையில் இல்லாதபோதுதான் தெரிகிறது. வங்கி, மின்னஞ்சல், காப்பீடு, வரிக் கணக்கு, மின்கட்டணம் என எல்லாவற்றின் திறவுகோலும் அதுவே.

ஒத்திகை முடிந்து திரும்பியதும் முதலில் செய்தது இதைத்தான். இரண்டு எண்கள் இயங்கும் கைபேசிக்கு மாறினோம். சொந்த எண் ஒரு பக்கம் உயிரோடு இருக்க, போகும் நாட்டின் இணைய இணைப்பை இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்மாக, மறுபக்கம் போட்டுக்கொள்ளலாம். சொந்த எண்ணில் ரோமிங் இயங்குகிறதா, வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறக் கட்டணம் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டோம். முன்கட்டண எண் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. எத்தனை நாள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண் கைவிட்டுப் போகும்? போன எண் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அப்போது உங்கள் ஓடிபி யாருக்குப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குறியீட்டுச் செயலிக்கும் மின்னஞ்சலுக்கும் அவசர மீட்புக் குறியீடுகள் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி ஒன்றைப் பைக்குள்ளும் இன்னொன்றைத் தங்கையிடமும் வைத்தோம். காகிதத்துக்குச் சார்ஜ் தேவையில்லை.

வங்கி அட்டைகளைப் பற்றியும் அந்த வாரத்தில்தான் கண் திறந்தது. என் அட்டை பயணத்தின் ஐந்தாம் மாதம் காலாவதியாக இருந்தது. புதிய அட்டை பூட்டிய வீட்டுக்குத்தான் வந்திருக்கும். முன்கூட்டியே மாற்றிக்கொண்டேன். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகள், அதிலும் ஒன்று விசா மற்றொன்று மாஸ்டர்கார்டு என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பணப்பையில் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். வெளிநாட்டில் அட்டை தேய்க்கும்போது கருவி "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று பரிவோடு கேட்கும். அந்தப் பரிவை நம்ப வேண்டாம். பெரும்பாலும் மோசமான மாற்று விகிதம் அதற்குள் ஒளிந்திருக்கும். அந்த நாட்டுப் பணத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் அலுவலகம் சிக்கியது. நான் சம்பளக் கணக்குப் பார்ப்பவள். பதினொரு பக்கத்தில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன், பெருமையாகவும் இருந்தேன். ஒத்திகை வாரத்தில் மாதக் கடைசி வருமாறு வேண்டுமென்றே நாள் குறித்திருந்தேன். என் இடத்தில் உட்காரப்போகும் சக ஊழியர் குறிப்பை வரிக்கு வரி பின்பற்றி, ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டார். வங்கிக்குக் கோப்பை அனுப்பும் கட்டத்தில் வரும் ஒப்புதல் குறியீடு, பல ஆண்டுகளாக என் சொந்த எண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கே அது மறந்துபோயிருந்தது. கைபேசி ஒலிக்கும், ஆறு எண்களைத் தட்டுவேன். மூச்சு விடுவதைப் போல. மூச்சு விடுவதை யாராவது குறிப்பில் எழுதுவார்களா?

அதனால் ஒப்படைப்புக் குறிப்பைப் பற்றி என் கருத்து மாறிவிட்டது. நாம் எழுதிக் கொடுப்பதால் பாதிப் பயன்தான். அவர் செய்ய, நாம் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் தடுக்கி நிற்கும் இடத்தைத்தான் எழுத வேண்டும். அந்த மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதச் சம்பளக் கணக்கையும் அவரே போட்டார். நான் அருகில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். கைகட்டி உட்காருவது எவ்வளவு கடினம் என்பது தனிக் கதை. நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று உள்ளூர ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அது உதிர்ந்தபோது நிம்மதி வந்தது, கொஞ்சம் வலியும் வந்தது.

விடுப்பு கேட்டது எப்படி என்றும் சொல்ல வேண்டும். நான் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். மேலாளர் முதலில் முடியாது என்றார். அடுத்த மாதம் மீண்டும் போனபோது வேண்டுகோளோடு ஒரு திட்டத்தையும் கொண்டுபோனேன். யார் எந்த வேலையைப் பார்ப்பார், எந்த மாதத்தில் சுமை அதிகம், நான் திரும்பும் நாள் எது என்று ஒரே பக்கத்தில் இருந்தது. ஒப்புக்கொண்டார். வாய்வார்த்தையோடு விட்டுவிடவில்லை. பணிமூப்பு தொடருமா, ஓய்வூதியப் பங்களிப்பு நின்றால் என்ன ஆகும், மருத்துவக் காப்பீடு இருக்குமா, திரும்பும்போது இதே பதவியா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கினேன்.

கணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை, வேலையை விட்டார். நாங்கள் விட்ட பெரிய கோட்டை அங்கேதான். அலுவலகம் கொடுத்த மருத்துவக் காப்பீடு அவருடைய கடைசி வேலை நாளோடு முடிந்தது. பயணக் காப்பீடு விமானம் ஏறும் நாளில்தான் தொடங்கும். நடுவில் மூன்று வாரம் எந்தக் குடையும் இல்லை. அந்த மூன்று வாரத்தில்தான், பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது, ஏணியிலிருந்து வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரே செலவோடு போயிற்று. கடைசி வேலை நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் இடையே இடைவெளி இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு காப்பீடு எடுத்துவிடுங்கள்.

காப்பீட்டுத் தாளை முழுதும் படிப்பவர்கள் குறைவு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் நீண்ட பயணத்துக்கு மூன்று இடங்களை மட்டுமாவது படிக்க வேண்டும். ஆண்டு முழுமைக்கும் என்று விற்கப்படும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் 'ஒரு பயணம் இத்தனை நாளுக்கு மேற்படக் கூடாது' என்ற வரி இருக்கும். எட்டு மாதம் போகிறவருக்கு அது ஆகாது. இரண்டாவது, மோட்டார் சைக்கிள், மலையேற்றம் போன்றவற்றுக்கான விலக்குகள். இன்ன உயரத்துக்கு மேல் ஏறினால் பொறுப்பில்லை என்றுகூட எழுதியிருப்பார்கள். மூன்றாவது, இது வீட்டுக் காப்பீட்டில் இருப்பது. வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக்கும் நீர்க்கசிவுக்கும் இழப்பீடு கிடைக்காது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. எங்களுடையதிலும் இருந்தது. முன்கூட்டித் தெரிவித்து, தங்கை வாரம் ஒருமுறை வந்து பார்ப்பாள் என்று எழுதிக் கொடுத்து, சிறு கூடுதல் தொகை கட்டித் தீர்த்தோம்.

கடவுச்சீட்டில் நான் போட்ட கணக்கு தப்பு. கிளம்பும் நாளில் பதினோரு மாதம் செல்லுபடிக் காலம் பாக்கி இருந்தது. எட்டு மாதப் பயணத்துக்குத் தாராளம் என்று நினைத்தேன். பல நாடுகள், நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஆகவே எண்ண வேண்டியது கடைசி நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து. ஏழாம் மாதத்தில் நுழையும் நாட்டில் எனக்கு நான்கு மாதம்தான் மிஞ்சியிருக்கும். வாசலிலேயே, அதாவது விமானம் ஏறும் இடத்திலேயே, திருப்பி அனுப்பியிருப்பார்கள். புதுப்பித்த பிறகுதான் விசா வேலையையே தொடங்கினோம். வெற்றுப் பக்கங்கள் எத்தனை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

விசாவில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. குறுகிய பயணத்தில் எல்லா விசாவையும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். நீண்ட பயணத்தில் அது நடக்காது. ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பயண நாளுக்கு 6 மாதத்துக்கும் முன்னதாக விண்ணப்பிக்கவே முடியாது. பயணத்தின் பிற்பகுதியில் ஐரோப்பாவை வைத்தால், விண்ணப்பிக்கும் காலம் வரும்போது நாம் வேறெங்கோ இருப்போம். பொதுவாக வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் தலைவலி. எனவே விசா தேவைப்படும், கெடுபிடி அதிகமுள்ள நாடுகளை முன்பாதியிலும், வந்திறங்கியதும் விசா தருகிற நாடுகளைப் பின்பாதியிலும் வைத்து வழித்தடத்தையே மாற்றினோம். எந்த ஊரில் எப்போது வெயில் நன்றாக இருக்கும் என்று நான் வரைந்த அழகான வண்ண வரைபடம் அன்றோடு குப்பைக்குப் போனது.

ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற விதியையும் நான் தப்பாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். அரையாண்டுக்கு 90 என்று நினைத்தேன். அப்படியல்ல. தங்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணி, அதற்குள் 90-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 29 நாடுகளுக்கும் சேர்த்தே இந்த 90. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

தடுப்பூசிக்கு இன்னும் முன்னதாகப் போயிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசியின் வழக்கமான முறை 0, 1, 6 மாதம். நாங்கள் மருத்துவரைப் பார்த்தது கிளம்புவதற்கு ஐந்து மாதம் முன்பு. மூன்றாவது ஊசி வழியில் விழுந்தது. அதை வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் போட்டுக்கொண்டோம், முந்தைய இரண்டுக்கும் எழுத்துச் சான்று கையில் இருந்ததால். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு ஒரே தவணைதான், ஆனால் சான்றிதழ் போட்டுக்கொண்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். முன்பெல்லாம் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் வாழ்நாளுக்கும் செல்லும். இதில் கவனிக்க வேண்டியது, போகும் நாட்டில் அந்த நோய் இருக்கிறதா என்பது மட்டுமல்ல. நோய் அபாயம் உள்ள நாட்டிலிருந்து வருகிறீர்களா என்றும் பார்ப்பார்கள். அத்தகைய நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு. நாடுகளின் வரிசையை மாற்றினால் இந்தத் தேவையும் மாறிவிடும்.

மருந்துகளை அவற்றின் அட்டையோடும் மருத்துவரின் கடிதத்தோடும் எடுத்துக்கொண்டோம். கடிதத்தில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும். நிறுவனப் பெயர்கள் எல்லை தாண்டினால் மாறிவிடும். நம் ஊரில் சாதாரணமாக வாங்கும் சளி மருந்து இன்னொரு நாட்டில் குற்றமாகலாம். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கணவர் எப்போதும் பையில் வைத்திருக்கும் மாத்திரையில் அது இருந்தது, எடுத்து வைத்துவிட்டோம். பல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் கண்ணைப் பார்த்தேன், பல்லைத் தள்ளிப்போட்டேன். நான்காம் மாதம் பல் அதற்குப் பழிவாங்கியது.

வெளிநாட்டில் வண்டி ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஒரே வகை அல்ல. 1949 ஜெனிவா உடன்படிக்கையின்படி ஒன்று, அது ஓராண்டு செல்லும். 1968 வியன்னா உடன்படிக்கையின்படி இன்னொன்று, மூன்றாண்டு வரை செல்லும். ஜப்பான் முதலாவதை மட்டும் ஏற்கிறது. வியட்நாம் இரண்டாவதை ஏற்கிறது. கையில் இருப்பது எது என்று பார்க்காமல் வண்டி எடுத்து விபத்தானால், காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மீண்டும் ஒத்திகைக்கு வருகிறேன். வீட்டில் தங்கை பட்ட பாட்டைச் சொல்லவில்லையே. 'தண்ணீரை நிறுத்த, படிக்கட்டுக்குக் கீழே உள்ள வால்வை மூடவும்' என்று எழுதியிருந்தோம். படிக்கட்டுக்குக் கீழே இரண்டு வால்வுகள் இருக்கின்றன. இருட்டில், கைபேசி வெளிச்சத்தில், அவள் மூடியது மாடிக்குப் போகும் குழாயை. "அக்கா, எழுதினது நீங்கள், தேடினது நான்" என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். அதற்குப் பிறகு எழுத்தைக் குறைத்துப் பொருள்களின் மேலேயே வண்ண நாடா ஒட்டினோம். சிவப்பு என்றால் மூடு, பச்சை என்றால் தொடாதே. தாளைவிட அது நன்றாகப் பேசியது.

குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துண்டைச் செருகி வைக்க வேண்டும். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். குளியலறைத் தரையின் வடிகாலில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பது அதுதான். ஆளில்லாத வீட்டில் அது ஆவியாகிவிடும். தண்ணீர் ஊற்றி மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. ஒத்திகை வாரத்தில் இதெல்லாம் தெரியவில்லை, ஒரு வாரத்தில் எதுவும் வற்றாது. மாதக்கணக்கில் கப்பல் வேலைக்குப் போய்வரும் உறவினர் ஒருவர் சொல்லித் தந்தார்.

எழுதக் கை வராத தாள் ஒன்று இருந்தது, உயில். கூடவே தங்கைக்கு ஒரு பவர் பத்திரமும். எங்கள் சார்பில் இன்னின்ன வேலைகளுக்கு மட்டும், இன்ன தேதி வரை மட்டும் கையெழுத்திட அவளுக்கு அதிகாரம். வரம்பும் தேதியும் இல்லாத பவர் பத்திரம் எழுதாதீர்கள், சொந்தத் தங்கையே ஆனாலும். வரம்பு போட்டதில் அவளுக்கும் நிம்மதிதான். உயிலைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

பையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. அனுமதி கேட்காமல் கொண்டுபோக எல்லை 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணிதான் வரும், கவலையில்லை. உடைகள் ஒரு வாரத்துக்குப் போதும். எட்டு மாதம் என்பது ஒரே வாரத்தை முப்பத்தைந்து தடவை துவைப்பது, அவ்வளவே.

கடைசி இரண்டு நாள்களை வெறுமையாக விட்டுவைத்தோம். நாங்கள் செய்த காரியங்களில் மிகச் சிறந்தது அது என்பேன். விடைபெறும் விருந்துகளை முந்தைய வாரத்தோடு முடித்துக்கொண்டோம். அந்த இரண்டு நாளும் வெற்றுக் குளிர்சாதனப் பெட்டியின் திறந்த கதவைப் பார்த்தபடி தூங்கினோம், எழுந்தோம், மீண்டும் தூங்கினோம்.

பயணத்தின் நாற்பதாவது நாள், பையின் அடியில் இருந்த துணிச் சுருக்குப்பையைத் தலைகீழாகக் கொட்டினேன். ஊசி, நூல், இரண்டு பொத்தான்கள். அவற்றோடு என் அலுவலக மேசை இழுப்பறையின் சாவியும் விழுந்தது. பதினொரு பக்கக் குறிப்பு, இரண்டு மாதப் பயிற்சி, ஒத்திகை, எல்லாம் செய்தும் சாவி என்னோடு கண்டம் தாண்டி வந்திருக்கிறது. பதறிப்போய் சக ஊழியருக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது: "இரண்டாவது வாரமே பூட்டை உடைத்துவிட்டோம். உள்ளே உங்கள் குடை மட்டும்தான் இருந்தது. மழைக்கு நான் எடுத்துக்கொண்டேன்."